பூஜ்யத்துக்குப் பூஜ்யம்

கணவர் இறந்த பிறகு ஆராய்ச்சிக்கு வந்தவள் அம்சவேணி. அவளுடைய ஆசிரியை ஜெசிந்தா வயதில் இளையவள். அதனால் மாணவி ஆசிரியையை மேடம் என்பாள். ஆசிரியை மாணவியை அக்கா என்பாள். ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், யார் யாரிடம் படிக்கிறார்கள் என்று புரியாமல் விழிப்பார்கள்.

ஜெசிந்தா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்லூரிக்குப் பின்தெருவில், மாடி வைத்த வீட்டில் ஒருத்தியாக இருந்தாள். மாடி காலியாகக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை மாலை, குழாயடியில் கை கழுவிக்கொண்டு நிற்கையில் அம்சவேணி கேட்டேவிட்டாள்.

"மேடம், அந்த மாடிக்கு நான் வந்துடட்டுமா? எனக்கும் யாருமில்ல. உங்களுக்கும் யாருமில்ல. ரெண்டு பேரும் ஒரே மாதிரிதானே?"

ஜெசிந்தா குழாயை மூடினாள். "சொல்றேன்க்கா" என்றாள்.

சனிக்கிழமை பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. ஓர் ஆளுக்கு மட்டும் சோறு வடிக்க அம்சவேணிக்கு இன்னும் கை வரவில்லை. மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, கணினியைத் திறந்து உட்கார்ந்தாள்.

மலை மலையாக அலைந்து அவள் காட்டுச் சிப்பிக்காளான்களைச் சேர்த்திருந்தாள். எது எதற்கு உறவு என்பதுதான் ஆராய்ச்சி. காளானின் டி.என்.ஏ.வைப் பிரித்து, பெருக்கி, ஜெல் என்ற கூழ்த் தகட்டில் ஓட விடுவாள். புற ஊதா வெளிச்சத்தில் அது பட்டை பட்டையாக ஒளிரும். பட்டை இருந்தால் கணக்கில் ஒன்று. இல்லாவிட்டால் பூஜ்யம். அவற்றை ஒப்பிட்டுக் கணினி ஓர் உறவு மரம் வரைந்து தரும்.

சிறுமலையில் எடுத்த காளான் மட்டும் எந்தக் கிளையிலும் ஒட்டாமல் நின்றது. பட்டுப்போன மரமொன்றில் அது தனியாகத்தான் பூத்திருந்தது. அதை எடுத்து வந்த நாளிலிருந்தே அவளுக்கு அதன்மேல் ஒரு பரிவு.

அன்றைக்கு அவளுக்கு ஒன்று தோன்றியது. இரண்டு காளான்களிலும் பூஜ்யம் விழுந்த இடங்களையும் பொருத்தமாக எண்ணினால் என்ன?

திங்கட்கிழமை படத்தோடு ஓடி வந்தாள்.

"மேடம், சிறுமலைக்குச் சொந்தம் கிடைச்சிருச்சு. ஏற்காட்டுல இருக்கு!"

"அடேயப்பா. நீங்க தரகர் வேலைக்கே போயிருக்கலாம்." ஜெசிந்தா படத்தை வாங்கிப் பார்த்தாள். "எந்தப் பட்டை ரெண்டுலயும் இருக்கு?"

அம்சவேணி ஜெல் படத்தில் விரலை ஓட்டித் தேடினாள்.

"இருக்கிறதுன்னு பார்த்தா பெருசா ஒண்ணுமில்ல. ஆனா மத்த காளான்ல இருக்கிற பட்டையெல்லாம் இது ரெண்டுலயும் இல்ல. பூஜ்யத்துக்குப் பூஜ்யம் அப்படியே பொருந்துது."

"அதையும் எண்ணிட்டீங்களா?"

"ஏன் மேடம், ரெண்டு பேர்கிட்டயும் ஒரே பொருள் இல்லைன்னா, அதுவும் ஒரு ஒற்றுமைதானே?"

ஜெசிந்தா எழுந்து போனாள். காளான் வளர்க்கும் கண்ணாடித் தட்டுகள் இரண்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்க."

அம்சவேணி இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல. ரெண்டும் காலி."

"ஒண்ணு புதுசு. அதுல எதுவும் வளர்ந்ததே இல்ல."

"இன்னொண்ணு?"

"அதுல ஒரு காளான் இழை பஞ்சு மாதிரி விளிம்பு வரைக்கும் வளர்ந்து நின்னுச்சு. கரண்ட் போனப்போ வெக்கையில செத்துப்போச்சு. கழுவி வச்சேன்."

அம்சவேணி மறுபடியும் பார்த்தாள். ஒன்றை முகர்ந்துகூடப் பார்த்தாள்.

"எது அது, மேடம்?"

"தட்டைக் கேட்டா சொல்லுமா, அக்கா?"

அம்சவேணி தட்டுகளைக் கீழே வைத்தாள். பிறகு கணினியின் முன் உட்கார்ந்து, இரண்டிலும் இல்லாதவற்றைக் கணக்கிலிருந்து நீக்கினாள். மரம் மீண்டும் வரைந்து வந்தது. ஏற்காடு வேறொரு கூட்டத்துக்குள் போய்விட்டது. சிறுமலை பழையபடி ஓரத்தில், நீண்ட ஒற்றைக் கோட்டின் நுனியில் நின்றது.

"தனியாப் போயிருச்சு மேடம்."

"ம்."

"இப்படியே எழுதிடவா?"

"இப்படித்தானே இருக்கு."

அம்சவேணி திரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "மாடிக்கும் இதுதான் பதிலா?"

ஜெசிந்தா ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அவள் குரலில் கேலி இல்லை.

"நம்ம ரெண்டு பேர்கிட்டயும் இருக்கிறது ஏதாவது ஒண்ணு சொல்லுங்கக்கா. ஒண்ணு போதும். நாளைக்கே சாமானை எடுத்துட்டு வந்துடுங்க."

அம்சவேணி வாயைத் திறந்தாள். சொல்ல எடுத்ததெல்லாம் இருவரிடமும் இல்லாதவையாகவே இருந்தன.