குன்றிமணியும் பன்னிரண்டு முட்டைகளும்

குளத்தங்கரைத் தென்னந்தோப்பில் நான்கு பெரிய கோழிகளும் ஒரு சேவலும் இருந்தன. எல்லாமே வாட்டசாட்டமான இனம். அவற்றோடு குன்றிமணி என்ற குட்டைக் கோழியும் வாழ்ந்து வந்தாள். உரித்த தேங்காய்க்கு இறகு முளைத்தது போல அவ்வளவு சின்ன உடம்பு.

பெரிய கோழிகள் பொல்லாதவை அல்ல. ஆனால் கரையான் புற்றைக் கண்டுவிட்டால் குறுக்கே யார் நிற்கிறார்கள் என்று பார்க்கமாட்டா. குன்றிமணி இடிபட்டு உருளுவாள். எழுந்து, இறகை உதறி, ஒன்றும் நடக்காதது போல நடப்பாள். உள்ளுக்குள் மட்டும் சுருக்கென்று தைக்கும்.

ஒரு நாள் காலை, பெரிய கோழிகளில் மூத்தவளான பவளக்கொண்டை அவளைத் தேடி வந்தாள்.

"குன்றி, உன்னிடம் ஒரு காரியமாக வந்தேன்."

"சொல்லுங்கள் அக்கா."

"இந்தத் தோப்பில் குஞ்சுச் சத்தம் கேட்டு இரண்டு வருஷமாகிறது. நாங்கள் முட்டை இடுவோம், அதோடு சரி. அடைகாக்க எங்கள் இனத்துக்குப் பொறுமை கிடையாது. உனக்கு அது பிறவியிலேயே வரும். எங்கள் முட்டைகளை நீ அடைகாப்பாயா?"

குன்றிமணிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. தன்னைத் தேடி வந்து கேட்கிறார்களே!

"எத்தனை முட்டை அக்கா?"

"பன்னிரண்டு இருக்கிறது. நீ சின்ன உடம்புக்காரி. ஐந்து எடுத்துக்கொள். அதற்கு மேல் உன்னால் ஆகாது."

குளிர்ந்த மனம் சுண்டிப்போயிற்று.

அப்போது தாழம்புதருக்குள்ளிருந்து ஒரு செம்போத்துப் பறவை தலையை நீட்டியது. கண் இரண்டும் சிவப்பு. குரல் மட்டும் தேன்.

"என்ன, ஐந்தா? தங்கச்சி குன்றிமணி சிறகை விரித்தால் தோப்புக்கே பந்தல் போடலாமே! பன்னிரண்டையும் கொடுத்துப் பாருங்கள்!"

"பன்னிரண்டையும் கொடுங்கள்!" என்றாள் குன்றிமணி.

"யோசித்துச் சொல்."

"யோசித்துவிட்டேன்!"

பவளக்கொண்டை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "சரி, உன் இஷ்டம்" என்று போய்விட்டாள்.

தாழம்புதருக்குப் பக்கத்தில், தென்னமட்டைக் குவியலின் அடியில், வைக்கோல் பள்ளத்தில் பன்னிரண்டு முட்டைகளின் மேலும் குன்றிமணி உட்கார்ந்தாள். முட்டைகளும் பெரிய இனத்து முட்டைகள்தாம். வலது சிறகை விரித்தால் இடப்பக்கம் இரண்டு வெளியே தெரிந்தன. இடது சிறகை விரித்தால் வாலுக்குப் பின்னால் மூன்று நழுவின. வெளியே கிடந்து ஆறியதை அலகால் உள்ளே இழுப்பாள். உள்ளே சூடாக இருந்தது வெளியே உருளும். நாள் முழுக்க இதே வேலை. எந்த முட்டையும் முழுச்சூடு காணவில்லை.

மூன்றாம் நாள் எண்ணிப் பார்த்தாள். பதினொன்றுதான் இருந்தது. ஐந்தாம் நாள் பத்து.

"எலி தூக்கியிருக்கும் தங்கச்சி" என்றது செம்போத்து. "இதைப் போய் பவளக்கொண்டையிடம் சொல்லிவிடாதே. தோப்பே சிரிக்கும்! 'சொன்னேனே, ஐந்துதான் ஆகும் என்று' என்பாள். தாங்குவாயா?"

குன்றிமணி தாங்கமாட்டாள். அதனால் சொல்லவில்லை.

"எப்படிப் போகிறது?" என்று பவளக்கொண்டை தூரத்திலிருந்து கேட்பாள்.

"பிரமாதமாகப் போகிறது!" என்பாள் குன்றிமணி. சொல்லிவிட்டு அலகை வைக்கோலில் புதைத்துக்கொள்வாள். இரை எடுக்கக்கூட அவள் எழுந்து போவதில்லை. மார்பெலும்பு துருத்தத் தொடங்கியது.

ஏழாம் நாள் மத்தியானம் வெயிலில் அவளுக்குக் கண் சொருகியது. வாலுக்குப் பின்னால் 'சர்ர்' என்று ஏதோ உரசியது. திரும்பிப் பார்த்தாள். செம்போத்து ஒரு முட்டையை அலகால் தள்ளிக்கொண்டே புதருக்குள் உருட்டிப் போனது. புதரடியில் ஏற்கெனவே இரண்டு முட்டை ஓடுகள் உடைந்து கிடந்தன.

"நீயா!" என்று அலறினாள் குன்றிமணி.

செம்போத்து கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

"பின்னே? ஐந்து முட்டை என்றால் உன் வயிற்றுக்கடியில் பத்திரமாக இருக்கும். பன்னிரண்டு என்றால்தானே எனக்கு மிஞ்சும்! எழுந்து வந்து துரத்தேன் பார்க்கலாம். நீ எழுந்தால் மற்றதெல்லாம் ஆறிப்போகும். கத்தினால் தோப்பு சிரிக்கும்."

குன்றிமணி எழ முயன்று மறுபடி உட்கார்ந்தாள். செம்போத்து சொன்னது அத்தனையும் உண்மை. வாயைத் திறந்தால் மானம் போய்விடும். திறக்காவிட்டால்? வயிற்றுக்கடியில் ஒன்பது முட்டைகள். பாதி சூடு, பாதி குளிர்ச்சி. அதில் ஒன்று சில்லென்று அவள் காலில் பட்டது.

அவள் கழுத்தை நீட்டி, இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்துக் கூவினாள்.

"பவளக்கா! ஓடி வாருங்கள்! என்னால் முடியவில்லை!"

தோப்பே அதிர்ந்தது. பவளக்கொண்டை முன்னால் ஓடி வந்தாள். பின்னால் மற்ற மூன்று கோழிகளும் சேவலும். சேவல் புதருக்குள் பாய்ந்து நான்கு கொத்து கொத்தியது. செம்போத்து வால் இறகு இரண்டை உதிர்த்துவிட்டுக் குளத்துக்கு அக்கரை போய்ச் சேர்ந்தது.

குன்றிமணி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டாள்.

"மூன்று முட்டை போய்விட்டது அக்கா. மூன்றாம் நாளே தெரியும். சொல்லவில்லை. நீங்கள் ஐந்து என்றபோதே கேட்டிருக்க வேண்டும். நீங்கள் சிரிப்பீர்கள் என்று பயந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. பவளக்கொண்டை அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் ஐந்து என்று சொன்னது சரிதான். ஆனால் சொன்ன விதம் சரியில்லை" என்றாள். "நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது குன்றி. போன வருஷம் யாருக்கும் தெரியாமல் நான் அடைகாக்க உட்கார்ந்தேன். அரை நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்."

"நீங்களா!"

"நானேதான். எப்படி உட்கார வேண்டும் என்று காட்டு. நாலு முட்டையை இப்படித் தள்ளு."

குன்றிமணி காட்டினாள். இறகை எவ்வளவு விரிப்பது, முட்டையை எப்போது புரட்டுவது, புரட்டும்போது நகம் படாமல் இருப்பது எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பெரிய கோழிகள் நான்கும் முறை வைத்துக்கொண்டன. ஒருத்திக்குப் பொறுமை தீர்ந்தால் அடுத்தவள் வந்து உட்காருவாள். குன்றிமணி மட்டும் தன் ஐந்தோடு அசையாமல் இருந்தாள். அவளுக்கு இரை எடுத்து வரும் வேலையைச் சேவல் பார்த்துக்கொண்டது.

இருபத்தோராம் நாள் முதல் ஓடு விரிசல் விட்டது. சாயங்காலத்துக்குள் ஏழு குஞ்சுகள் வெளியே வந்து கீச்சிட்டன. தோப்பில் ஒரே கொண்டாட்டம்!

ஆனால் குன்றிமணி எழுந்திருக்கவில்லை. இரண்டு முட்டைகள் அப்படியே இருந்தன. மறுநாளும் அவற்றின் மேல் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும். அவை அசையவே இல்லை.

பவளக்கொண்டை அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த முதல் ஏழு நாளில் குளிர்ந்தவை அக்கா இவை" என்றாள் குன்றிமணி மெதுவாக. "அன்றைக்கே கூப்பிட்டிருந்தால் இவையும் பொரிந்திருக்கும்."

"இருக்கலாம்" என்றாள் பவளக்கொண்டை. "கடைசிவரை கூப்பிடாமலே இருந்திருந்தால் இந்த ஏழுகூடப் பொரிந்திருக்காது. வா, குஞ்சுகள் உன்னைத் தேடுகின்றன."

குன்றிமணி அந்த இரண்டு முட்டைகளின் மேல் வைக்கோலை இழுத்து மூடினாள். பிறகு எழுந்து குஞ்சுகளிடம் போனாள். ஏழும் அவள் சிறகுக்குள் முண்டியடித்து நுழைந்தன. மூன்று குஞ்சுகளுக்கு இடம் போதவில்லை. குன்றிமணி தயங்கவே இல்லை.

"அக்கா, இந்த மூன்றையும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்!" என்றாள்.

சக்திக்கு மீறியதைச் சுமந்துகொண்டு வீம்பாக வாய்மூடி இருப்பதைவிட, 'என்னால் முடியவில்லை, துணைக்கு வாருங்கள்' என்று காலத்தோடு கேட்பதே நம்மை நம்பியிருக்கும் உயிர்களைக் காப்பாற்றும்.