காசிக்குப் போன பண்ணையாரின் பரிவட்டம்

கோர்ட்டு சேவகன் சுடலைமுத்து சம்மனோடு போகும்போதெல்லாம் தெய்வசிகாமணிப் பண்ணையார் காசிக்குப் போயிருப்பார். ஊர் வாய்க்காலை மறித்துக்கொண்ட வழக்கு. சம்மன் கைக்குப் போய்ச் சேராமல் விசாரணை நகராது. அதுவரை தண்ணீர் அவர் வயலுக்குத்தான் பாயும்.

முன்சீப்பு எரிந்து விழுந்தார். "நாளைக்கு அவர் கையெழுத்தோடு வா. இல்லையென்றால் வேலைக்கே வராதே."

மறுநாள் தேரோட்டம். சுடலைமுத்து பண்ணை வீட்டு வாசலில் நின்று, பரண் வரைக்கும் கேட்கிற குரலில் பண்ணையாரம்மாவிடம் சொன்னான்:

"ஆச்சி, ஐயா காசியில இருக்காகன்னு கோயில்ல சொல்லிட்டேன். முதல் பரிவட்டத்தைப் பங்காளி ஆவுடையப்பருக்கே கட்டிருவாகளாம்."

அவன் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில், பரணின் ஒட்டடை தலையில் இருக்க, பண்ணையாரும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். குனிந்து பரிவட்டம் கட்டிக்கொண்டார். விபூதிக்குக் கை நீட்டினார். சுடலைமுத்து சம்மனை நீட்டினான்.

பண்ணையார் பல்லைக் கடித்தார். "நான் காசியில இருக்கேம்லே."

"சரிங்கய்யா" என்றான் சுடலைமுத்து பணிவாக. "அப்ப தலைமறைவுன்னு எழுதிக்கிடுதேன். ஆனா ஊர்ல இல்லாதவுக தலையில பரிவட்டம் இருக்கப்படாது. அவுத்து அந்தப் பக்கம் குடுத்திருங்க."

பண்ணையார் அந்தப் பக்கம் பார்த்தார். ஆவுடையப்பர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டி, ஏற்கெனவே தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

"பேனா வச்சிருக்கியாலே?" என்றார் பண்ணையார்.