கட்டைவிரல் தள்ளி நின்ற நாள்

மாடும் கழுதையும் மனிதரோடு நேருக்கு நேர் நின்று வழக்காடிய அந்தக் காலத்தில், நம்முடைய கால்விரல்கள் இப்போது இருப்பதுபோல் இல்லை. ஐந்தும் ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் மெல்லிய தோல் போர்த்தி, வாத்தின் பாதம் மாதிரி இருந்தன. அந்த விரல்கள் பிரிந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன். எங்கள் ஆட்கள் இதைச் சொல்லும்போது நெஞ்சைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன், யாரும் தப்பாக நினைக்க வேண்டாம்.

தேரி என்று ஒரு நிலம் உண்டு. கடலுக்குச் சற்று இப்பால், கண்ணுக்கெட்டிய தூரம்வரை செக்கச்சிவந்த மணல் குன்று குன்றாகக் கிடக்கும். விடியலில் கால் வைத்தால் சில்லென்று இருக்கும். வெயில் ஏறிவிட்டாலோ சோளம் போட்டால் பொரிந்துவிடும். போதாததற்கு உடைமரத்து முள் வேறு உதிர்ந்து கிடக்கும். தேரிக்கு நட்டநடுவில் ஓர் ஊற்று இருந்தது. ஓரத்துப் பனங்காட்டில் மனிதர்களின் குடிசைகள் இருந்தன.

அந்த ஊற்று மெதுவாகத்தான் ஊறும். மனிதர்கள் என்ன செய்வார்கள் என்றால், மணல் சூடாகும் முன்பே, கோழி கூப்பிடும் நேரத்தில் குடங்களோடு போய் ஊற்றை வழித்தெடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். காடெல்லாம் மேய்ந்துவிட்டு உச்சிப்பொழுதில் நாக்கு வறண்டு வருகிற மாடும் ஆடும் கழுதையும் சேற்றை நக்கிவிட்டுத் திரும்பும். நம் ஆட்கள்தான், அதற்காக நியாயத்தை மாற்றிச் சொல்ல முடியுமா? செய்தது அநியாயம்.

ஒரு வருடம் மழை பொய்த்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மிருகங்கள் ஊற்றங்கரையில் கூட்டம் கூட்டின. கூட்டத்துக்குத் தலைவன் காரி என்கிற கருங்காளை. மனிதர்களையும் வரச்சொல்லி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அது பேசியது.

“நீங்க செய்யுத காரியம் நல்லா இல்ல. இனிமே இந்த ஊத்து உச்சிப்பொழுதுலதான் திறக்கும். அந்நேரம் சொந்தக் கால்ல நடந்து வாரவுகளுக்குத் தண்ணி. உங்கள்ல ஒரு ஆளாவது வந்து காட்டுங்க, உங்க சாதிக்கே பங்கு உண்டு. முடியலைன்னா வேற சீமை பாத்துப் போயிருங்க. அடுத்து வார அமாவாசை வரைக்கும் தவணை. அதுவரைக்கும் பழையபடி எடுத்துக்கிடுங்க.”

பக்கத்தில் நின்ற கழுதைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பதெல்லாம் பிற்காலத்தில் வந்த பேச்சு. அன்றைக்குக் கழுதைக்குத் தெரியாதது எதுவும் கிடையாது, வாய்க்கொழுப்பும் அதற்கேற்ற அளவு இருந்தது.

“எனக்குக் குளம்பு, ஆட்டுக்குக் குளம்பு, நாய்க்குக்கூட மெத்தை வெச்ச பாதம். உங்களுக்குக் காலு செய்யும்போது மட்டும் ஆண்டவனுக்கு மண்ணு பத்தல போல! வெறுங்காலிகளா, மூட்டையக் கட்டுங்க.”

மனிதர்கள் தலையைத் தொங்கப்போட்டார்கள். சடைச்சி மட்டும் தொங்கப்போடவில்லை. ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதம்செய்கிற வேலை அவளுக்கு. கை எப்போதும் காவியேறிப் போயிருக்கும்.

“எம் மக பேச்சி பிள்ளை பெத்து இன்னும் தலைக்குத் தண்ணி ஊத்தல” என்றாள் அவள். “பச்ச உடம்புக்காரியையும் பச்சப் பிள்ளையையும் தூக்கிக்கிட்டு நான் எந்தச் சீமைக்குப் போவேன்? வழியிலயே ரெண்டையும் பறிகொடுக்கவா? நாங்க போகமாட்டோம். உச்சிவெயில்ல நடந்து வாரேன், பாரு.”

காரி சரியென்று கொம்பை அசைத்தது.

அன்றைக்கே வேலை ஆரம்பித்தது. முதலில் பெண்கள் பனையோலையை ஈரமாக்கி நெருக்கிப் பின்னிக் காலுக்குக் கீழே கட்டிக்கொண்டார்கள். சூடு ஏறவில்லை. ஆகா என்று எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டி முடிப்பதற்குள் உடைமுள் ஒன்று ஓலையைத் துளைத்துக்கொண்டு குதிகாலில் ஏறிவிட்டது.

சடைச்சியின் கொழுந்தன் மாயாண்டி உடனே முன்னால் வந்தான். “ஓலை பின்னுதது பொம்பளைக வேல. இங்க பாருங்க மைனி, பூவரசங்கட்டை! முள்ளு இல்ல, முள்ளுக்கு அப்பன் வந்தாலும் ஏறாது.” இரண்டு பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு மீசையை நீவிக்கொண்டு மணலில் இறங்கினான். முள் ஏறாதது உண்மைதான். ஆனால் பலகை மேல் மணல் சரிந்து ஏற ஏற, அவனால் காலைத் தூக்கவே முடியவில்லை. முளைக்குச்சி அடித்தது போல நடுத்தேரியில் நின்றுகொண்டு ஊரைக் கூப்பிட்டான். கழுதைதான் அவன் துண்டைப் பல்லால் கவ்வி இழுத்து வந்து கரை சேர்த்தது. அதைச் சொல்லிச் சொல்லியே அது நெடுநாள் சிரித்தது.

அமாவாசை நெருங்கிவிட்டது. மழை இல்லாமல் ஊற்றும் வற்றிக்கொண்டே வந்ததால் பேச்சிக்குப் பால் சுரப்பு குறைந்து, குழந்தை இரவெல்லாம் சிணுங்கியது. சடைச்சி குடிசைக்குள் போய்ப் பரணிலிருந்து ஒரு தோலை இறக்கினாள். தண்ணீர் இறைக்கிற பை தைக்கலாம் என்று அவள் பதம்செய்து வைத்திருந்த தோல் அது. அவளுக்கு ஏர் உழுத செவலைக் காளையின் தோல். போன கோடையில் செத்துப்போன அந்தச் செவலை வேறு யாருமல்ல, காரியின் கூடப்பிறந்த தம்பி.

மாயாண்டிக்குத் தூக்கிவாரிப்போட்டது. “மைனி, வேண்டாம்! தம்பி தோலைக் காலுக்குக் கீழ போட்டு மிதிச்சுக்கிட்டு அண்ணங்காரன் முன்னாடி போய் நிப்பீகளா? காரி கொம்புல குத்தித் தூக்கிரும்.”

“குத்துனா குத்தட்டும். இதை விட்டா இந்தத் தேரிய மிதிக்க வேற தோல் கிடையாது” என்றாள் சடைச்சி. தோலைத் தரையில் விரித்தாள். வெட்டுவதற்கு முன் அதைத் தடவிக்கொடுத்தாள். உழுது களைத்து வந்த நாட்களில் அதே முதுகை அப்படித்தான் தடவுவாள். “கோவிச்சுக்காத செவலை. இன்னும் ஒரு சால் ஓட்டணும்யா” என்றாள். அப்போது அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் வெட்டினாள்.

அமாவாசை அன்று உச்சிப்பொழுதில், இரட்டைத் தோலை வைத்துத் தைத்த இரண்டு அடித்தோல்களைக் கணுக்காலோடு வாரால் கட்டிக்கொண்டு, தலையில் குடத்தோடு அவள் கிளம்பினாள். வார் அறுந்தால் வேறு வார் வெட்டிக்கொள்ள, தோல் கத்தியை இடுப்பில் செருகியிருந்தாள். சாட்சிக்குக் கழுதை கூடவே வந்தது.

தட்டை மணலில் நடை நன்றாகவே போயிற்று. சூடும் ஏறவில்லை, முள்ளும் ஏறவில்லை. முதல் குன்று வந்ததும்தான் வினை. ஏறும்போது கால் பின்னால் வழுக்கியது, தோல் முன்னால் போயிற்று. இறங்கும்போது கால் முன்னால் பாய்ந்தது, தோல் திரும்பிக் கணுக்காலுக்கு மேலே வந்து நின்றது. வெறும் பாதம் மணலில் பட்டு வெந்தது. குடத்தை இறக்கி, தோலைத் திருப்பி, இறுக்கிக் கட்டி எழுந்தால், மறுபடியும் அதே கதை. பாதி வழிகூட வரவில்லை, அதற்குள் உள்ளங்காலில் கொப்புளம் கண்டுவிட்டது.

“திரும்பிருவோம் சடைச்சி” என்றது கழுதை. இந்தத் தடவை அது கேலியாகச் சொல்லவில்லை. “இங்கன விழுந்தீன்னா உன்னைத் தூக்க எனக்குக் கை கிடையாது.”

சடைச்சி அந்தக் கொதிமணலிலேயே உட்கார்ந்தாள். காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தாள். பின்னால் கட்டு இருக்கிறது, முன்னால் பிடிப்பு இல்லை. பிடித்துக்கொள்ளக் காலுக்கு ஓர் இடம் வேண்டும். ஐந்து விரலும் ஒட்டிக் கிடந்தால் எதைக் கொண்டு பிடிப்பது? கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் இருந்த தோலை நகத்தால் தொட்டுப் பார்த்தாள். வீட்டில் பிள்ளை சிணுங்கியது காதில் கேட்டது மாதிரி இருந்தது.

இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தாள்.

“ஏ, என்ன செய்யுத?” என்று கழுதை பதறியது.

“எங்காலு, எங்கத்தி” என்றாள் அவள். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு விரலுக்கும் நடுவே வேர்வரைக்கும் அறுத்தாள். ரத்தம் பீறிட்டது. இன்னொரு காலையும் அப்படியே அறுத்தாள். அடித்தோலின் முன்பக்கம் துளைபோட்டு, வாரைக் கீழிருந்து மேலே இழுத்து, அறுத்த விரலிடுக்கு வழியாகக் கொண்டுவந்து, இரண்டாகப் பிரித்துக் கணுக்காலில் கட்டினாள். உலகத்தில் முதல் செருப்பு முழுமையானது அந்த நேரத்தில்தான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வேன் என்று சொன்னேனே, இதற்காகத்தான். அப்படியொரு துணிச்சல் எந்தக் குளம்புக்கு வரும்?

எழுந்து நடந்தாள். குன்றில் ஏறினாள், தோல் வழுக்கவில்லை. இறங்கினாள், திரும்பவில்லை. ரத்தத்தில் நனைந்த வார் வெயிலில் காயக் காய இறுகி, அவள் காலின் அளவுக்கே படிந்துவிட்டது. கழுதை பின்னால் நடந்து வந்தது.

ஊற்றங்கரையில் மிருகங்களெல்லாம் வழிவிட்டு நின்றன. காரி முன்னால் வந்து மோந்து பார்த்தது. அதன் கண் சிவந்தது.

“இது செவலை. எந் தம்பி” என்றது. “சொந்தக் கால்ல வரணும்னு சொன்னேன். நீ எந் தம்பி முதுகுல ஏறி வந்திருக்க. இது செல்லாது சடைச்சி.”

கொம்பு அவள் வயிற்றுக்கு நேரே இருந்தது. சடைச்சி குடத்தை இறக்கி வைத்துவிட்டு வலது காலை முன்னால் நீட்டினாள்.

“ஆமா, உந் தம்பிதான். இல்லைன்னு நான் சொல்லல. உந் தம்பி தோல் எங்க முடியுது, எந் தோல் எங்க தொடங்குதுன்னு நீயே பாத்துச் சொல்லு. பிரிச்சு எடுக்க முடிஞ்சா எடுத்துக்கோ, நான் வெறுங்காலோட திரும்பிப் போறேன்.”

காரி குனிந்து பார்த்தது. நாக்கை நீட்டி நக்கிப் பார்த்தது. விரலிடுக்கில் அவள் ரத்தமும் செவலையின் தோலும் ஒன்றாய்க் காய்ந்து ஒட்டிக் கிடந்தன. வாரும் சதையும் ஒரே நிறமாக இருந்தன. எங்கே நக்கினாலும் தம்பியின் வாசமும் வந்தது, அவள் வாசமும் வந்தது.

அப்போது கழுதை முன்னால் வந்தது. “நான் கூடவே வந்தவன் சொல்லுதேன் காரி. நமக்கெல்லாம் காலு பிறக்கும்போது வந்தது. தூங்கும்போது வளந்தது. இவ தன் காலைத் தானே செஞ்சா. கண்ணால பாத்தேன். இது சொந்தக் கால் இல்லைன்னா, உலகத்துல எவனுக்கும் சொந்தக் கால் கிடையாது.”

காரியின் கண்ணிலிருந்து நீர் வழிந்து சடைச்சியின் பாதத்தில் விழுந்தது.

“செல்லும்” என்றது கடைசியில். “ஆனா ஒண்ணு சடைச்சி. காலுக்குக் கீழ இருக்கான்னு எந் தம்பிய யாரும் கேவலமா நினைக்கக் கூடாது.”

“என்னைத் தாங்கிக்கிட்டு வந்தவனை நான் எப்படிக் கேவலமா நினைப்பேன்?” என்றாள் அவள். அப்புறம், யாரும் கேட்காமலே இன்னொன்றும் சொன்னாள். “விடியல்ல வந்து வழிச்சுக்கிட்டுப் போனது எங்க தப்பு. இனிமே நீங்க குடிச்ச பிறகுதான் எங்க குடம் இறங்கும்.”

அவை குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, குடத்தை நிரப்பிக்கொண்டு, அந்த வெயிலிலேயே வீடு திரும்பினாள். பேச்சி வயிறு நிறையத் தண்ணீர் குடித்தாள். சடைச்சி குழந்தையின் உதட்டை நனைத்தாள். பனங்காட்டில் யாரும் மூட்டை கட்டவில்லை. மறுநாள் ஊரே வரிசையில் வந்து சடைச்சியிடம் காலை நீட்டியது. மாயாண்டி கத்தியைப் பார்த்ததும் மயங்கி விழுந்துவிட்டான். விழுந்தது நல்லதுதான் என்று அவள் அப்போதே இரண்டு காலையும் முடித்துவிட்டாள்.

அடுத்து அந்த ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கு அறுக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை. கட்டைவிரல் பிரிந்தே பிறந்தது, அதைப் பார்த்து மற்ற விரல்களும் நடுத்தோலை விட்டுப் பிரிந்துகொண்டன. அதற்கப்புறம் செருப்பு எத்தனையோ வேஷம் போட்டுவிட்டது. குமிழ் வைத்த மரக்கட்டையில் முனிவர்கள் நடந்தார்கள். முத்துப் பதித்ததில் ராஜாக்கள் நடந்தார்கள். லாரி டயரை வெட்டித் தைத்ததைப் போட்டுக்கொண்டு உழைப்பாளிகள் ஊர் ஊராக நடந்தார்கள். இன்றைக்கு ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு நாம் பால் வாங்கப் போகிறோம். குமிழானாலும் முத்தானாலும் ரப்பர் வாரானாலும், அது வந்து உட்கார இடம் கேட்டது சடைச்சி அறுத்த அந்த இடுக்கில்தான்.

சந்தேகம் இருந்தால் குனிந்து உங்கள் காலைப் பாருங்கள். நான்கு விரல்கள் நெருங்கி நிற்க, கட்டைவிரல் மட்டும் சற்றே தள்ளி நிமிர்ந்து நிற்கிறதே, அது அந்த உச்சிப்பொழுதிலிருந்துதான் அப்படி நிற்கிறது. மற்றதெல்லாம் ஆண்டவன் கொடுத்தது, அந்த இடைவெளி மட்டும் நாமே உண்டாக்கிக்கொண்டது.