தொட்டிக்குப் பக்கத்தில் போட்ட இலை

ஒரு காட்டுக் குளக்கரையில் சிங்காரி என்ற குரங்கு வீடு கட்டி வாழ்ந்தாள். எலி பிடிக்க ஒரு பூனையை வளர்த்தாள். அந்தப் பூனைக்கு நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்லிவிட வேண்டும். வரிசை மாறினால் குற்றவாளி மாறிவிடுவார்.

முதலில், முற்றத்து மண் போனது. பூனை நெடுநாளாக அங்கேதான் குழி பறித்து, காரியத்தை முடித்து, மூடிவிட்டு வந்தது. யாருக்கும் தொந்தரவு இல்லை. சிங்காரி அழகுக்காக முற்றம் முழுக்கக் கல் பாவினாள். பூனையை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்து, தொட்டி வந்தது. மரத்தொட்டியில் மணலை நிரப்பி, பூனையின் சோற்றுச் சட்டியை ஒட்டி வைத்தாள். “எல்லாம் ஒரே மூலையில இருந்தா கூட்டறதுக்குச் சுலபம்” என்றாள்.

அதற்கும் பிறகு, வாசனைக்காக மணலில் எலுமிச்சைத் தோலைப் பிய்த்துப் போட்டாள். அந்த நெடி பூனைக்கு ஆகாது. அது முகர்ந்தது, தும்மியது, திரும்பிப் போயிற்று. அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல், சிங்காரியின் கோரைப்பாயின் மேல் காரியத்தை முடித்துவிட்டது.

உடனே சிங்காரி அதன் பிடரியைப் பிடித்து, ஈரப் பாயில் மூக்கை வைத்துத் தேய்த்தாள். “இப்படித் தேய்ச்சாத்தான் பூனைக்குப் புத்தி வரும்” என்றாள். பூனைக்குப் புத்தி ஏற்கெனவே இருந்தது. புதிதாக வந்தது கோபம்தான்.

கடைசியாக, தண்டனை. பாய் மறுபடி நனைந்த அன்று சிங்காரி ஒரு சாக்கை உதறி எடுத்தாள். பூனையைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிடுவது என்று முடிவு. அக்கரை செந்நாய்க் காடு. அங்கே போன பூனை எதுவும் திரும்பி வந்ததில்லை.

சாக்கைச் சுமக்கக் கழுதை பொதியன் வந்தான். குளத்து வழக்குகளைத் தீர்த்து வைக்கும் ஆமையாரும் கரையேறி வந்தார்.

பொதியனுக்கு ஒரு சந்தேகம். “பூனை குறுக்க போனா சகுனம் சரியில்லைம்பாங்க. முதுகு மேல போனா என்ன ஆகும்?”

“ஒண்ணும் ஆகாது. நீ சும்மா நில்லு” என்றாள் சிங்காரி.

“யார் மேல வழக்கு?” என்று கேட்டார் ஆமையார்.

“இந்தச் சனியன் மேலதான்.”

“எனக்குப் பேர் இருக்கு” என்றது பூனை.

“பாயில போற கழுதைக்குப் பேர் ஒரு கேடா?”

“கழுதையை எதுக்கு இழுக்கறே?” என்றான் பொதியன்.

பூனை சொன்னது: “தொட்டியைத் தள்ளி வையுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்?”

“பூனைக்கு என்னடி இடம் பார்க்கிற வழக்கம்? மண்ணைக் கண்டா போக வேண்டியதுதானே!”

பூனை சாக்கைப் பார்த்தது. ஆனாலும் அது கெஞ்சவில்லை. காது கொடுக்காதவர்களிடம் நியாயத்தைச் சொல்லிப் பயனில்லை, காட்டத்தான் வேண்டும் என்று அதற்குப் பட்டது.

“சரி, போறேன். ஆனா ஊரைவிட்டு அனுப்பினா வழிச்சோறு போடணும். அனுப்பறவங்களும் அதே பந்தியில உக்காந்து சாப்பிடணும். இலை போடறது போறவங்க உரிமை. குளக்கரை வழக்கம் இதுதானே, ஆமையாரே?”

“இதுதான். வழிச்சோறு முடியாம சாக்குக்கு முடிச்சுப் போடக் கூடாது” என்றார் ஆமையார்.

“பாயசம் உண்டா?” என்றான் பொதியன்.

பீடை ஒழிகிறது என்ற மகிழ்ச்சியில் சிங்காரி பலாப்பழப் பாயசமே வைத்தாள். அவள் அடுப்படியில் இருந்தபோது பூனை உள்ளே போய் இலை போட்டது. “எல்லாரும் வாங்க” என்று கூப்பிட்டது.

வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். இலைகள் எல்லாம் தொட்டியை ஒட்டி வரிசையாகக் கிடந்தன. சிங்காரியின் இலை தொட்டிக்கு மிக அருகில். அதோடு, அன்றுதான் பூனை மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தத் தொட்டியில் முதல் முறையாகக் காரியத்தை முடித்திருந்தது. வேண்டுமென்றே மூடாமல் விட்டிருந்தது.

சிங்காரி மூக்கைப் பொத்தினாள். “ஏண்டி, கக்கூஸ் பக்கத்துல யாராவது இலை போடுவாங்களா?”

“எல்லாம் ஒரே மூலையில இருந்தா கூட்டறதுக்குச் சுலபம்னு நீங்கதானே சொன்னீங்க?”

பொதியன் பாயசத்தைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான், பெருமூச்சு விட்டான்.

“உக்காரு சிங்காரி. வழக்கம் முடியணும்” என்றார் ஆமையார்.

“இங்க சோறு இறங்குமா, ஆமையாரே?” சிங்காரி தன் இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டின் மறுகோடிக்குப் போனாள்.

பூனை அவளைப் பின்தொடர்ந்து போய்ச் சொன்னது: “உங்களுக்கு அந்த இடம் ஆகலை, இலையைத் தூக்கிட்டு வந்துட்டீங்க. எனக்கும் ஆகலை, பாய்க்குப் போனேன். ஒரே ஒரு வித்தியாசம். உங்க மூக்கை யாரும் தேய்க்கலை.”

சிங்காரியின் கை தானாகத் தன் மூக்கைத் தடவியது.

“நியாயமாத்தான் இருக்கு. பாயசம் ஆறுது” என்றான் பொதியன்.

சிங்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாக்கை எடுத்து அடுப்படியில் கால்மிதியாகப் போட்டாள். தொட்டியைப் பின்பக்கம் நாவல்மர நிழலுக்குக் கொண்டுபோனாள். எலுமிச்சைத் தோலைக் கொட்டிவிட்டுக் குளத்து மணலை நிரப்பினாள். பூனை சுற்றி வந்தது, முகர்ந்தது, குழி பறித்தது, காரியத்தை முடித்தது, அழகாக மூடியது. பழக்குவதற்கு அவ்வளவுதான் வேலை. அதன் பிறகு பாய் காய்ந்தே கிடந்தது.

“இன்னும் ஒண்ணு பாக்கி. தொட்டியை இனிமே கேட்காம நகர்த்தக் கூடாதுன்னு தீர்ப்பு எழுதணும், அதுல என் பேர் வேணும். சனியன்னு எழுதினா அது யாருக்கும் சொந்தமில்லை” என்றது பூனை.

சிங்காரி பெயரைக் கேட்டுத் தொட்டியின் மேல் கரியால் எழுதினாள்.

“எழுதினா போதாது. எல்லாரும் கேக்கற மாதிரி வாசி” என்றார் ஆமையார்.

பொதியன் காதை நிமிர்த்தினான். கொக்குகள் ஒற்றைக்காலில் நின்றன. தவளைகள் கத்துவதை நிறுத்தின. அத்தனை சாட்சிகளுக்கும் முன்னால் சிங்காரி தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தாள்:

“இந்தத் தொட்டியும் இந்த நிழலும் அவளைக் கேட்காமல் நகர்த்தப்படாது. உரியவள், அஞ்சலை.”

அஞ்சலை வாலை நிமிர்த்திக்கொண்டு பாயசத்தின் பக்கம் நடந்தாள்.

ஒருவரைப் பழக்க வருகிறவர், முதலில் அவரைக் கேட்கப் பழக வேண்டும்.