செக்கடித் தெருவுக்கு மன்னர் வருகிறார்

நெடுஞ்சேரியை உத்தமவழுதி ஆண்ட காலத்தில் தலைநகரின் எல்லாத் தெருக்களும் பளிச்சென்று இருந்தன என்று சொல்ல எனக்கும் ஆசைதான். செக்கடித் தெருக்காரர்கள் நம்ப மாட்டார்கள். அங்கே சாக்கடை நடுத்தெருவில் ஓடியது. பொதுக்கிணறு தூர்ந்து கிடந்தது. சரிசெய்யச் சொல்லி மன்னர் மூன்று முறை ஓலை அனுப்பினார். நகரைப் பராமரிக்கும் அதிகாரி சடையநாதர் மூன்று ஓலைகளையும் பத்திரமாக வைத்திருந்தார்.

அவர் போட்ட திட்டம் வேறு. நாறுகிற தெருவில் வீடு சல்லிசாகக் கிடைக்கும். மொத்தத்தையும் வாங்கிப் போட்டபின் சாக்கடையை மூடினால் விலை ஐந்து மடங்காகும். முதலில் வளையல் விற்கும் ஆவுடையம்மாளிடம் போய், இருபது பொன்னுக்கு வீட்டைக் கேட்டார்.

அவள் நேரே சபைக்கு வந்துவிட்டாள். நாற்றத்துக்குப் பயந்து வளையல் வாங்க ஆள் வருவதில்லை, விற்றுவிட்டுப் போகலாமென்றால் இருபது பொன்னுக்கு வேறெங்கும் குடிசைகூடக் கிடைக்காது என்று அழுதாள். நூறு பொன் பெறும் வீடு என்றாள். இருபதே அதிகம், இரக்கப்பட்டுத்தான் தருகிறேன் என்றார் சடையநாதர்.

சபையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போன குழைக்காதர் சிரித்துவிட்டார். மன்னருக்குக் கோபம் வந்தது.

"சிரிக்கிறீரா? பதினைந்து நாளில் அந்த வீட்டுக்கு நூறு பொன் விலை வரச் செய்யும். கஜானாவிலிருந்து காசு கிடையாது. தவறினால் உம் வீட்டையும் சடையநாதர் இருபது பொன்னுக்கு எடுத்துக்கொள்வார்."

சடையநாதர் அன்றே போய்க் குழைக்காதர் வீட்டை நாலு பக்கமும் அளந்து பார்த்தார்.

குழைக்காதர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பதினைந்தாம் நாள் மன்னர் ஆவுடையம்மாள் வீட்டுக்கு நடந்து வந்து மதியம் சாப்பிட வேண்டும். மொச்சைக் குழம்பு என்றதும் மன்னர் ஒப்புக்கொண்டார். குழைக்காதர் தம் வீட்டுக்குப் போய் ஊஞ்சலில் படுத்துக்கொண்டார்.

சடையநாதர் கணக்குப் போட்டுப் பார்த்தார். மன்னர் கால் சாக்கடையில் பட்டால் அந்த மூன்று ஓலைகளின் பேச்சு வரும். பதவி போகும். கஜானாவையோ தொட முடியாது. வேறு வழியில்லாமல் சொந்தப் பெட்டியைத் திறந்தார். சாக்கடையைக் கல் பாவி மூடினார். கிணற்றைத் தூர்வாரினார். நல்ல தண்ணீர் ஊறியது. வீடுகளுக்கு வெள்ளையடித்தார். தெருநாய்களை வண்டியிலேற்றிக் குழைக்காதரின் தெருவில் இறக்கிவிட்டார்.

மன்னர் வந்தார். மொச்சைக் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதற்குள் ஒரு பட்டு வியாபாரி வாசலில் நின்று, வீட்டுக்கு நூற்றிருபது பொன் தருவதாகச் சொன்னான்.

"நான் எதுக்கு விக்கணும்? இப்பத்தான் தெருவுக்குள்ள ஆள் வருது," என்று சொல்லிவிட்டு ஆவுடையம்மாள் மோர் எடுக்கப் போனாள்.

மன்னர் குழைக்காதரைப் பார்த்தார். "நீர் என்னதான் செய்தீர்?"

"ஒன்றும் செய்யவில்லை மகாராஜா. உங்கள் ஓலை மூன்று முறை வந்தும் நடக்காத வேலை, நீங்களே வருகிறீர்கள் என்றதும் நடந்துவிட்டது."

சடையநாதர் புதுச் சுண்ணாம்பை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னருக்குச் சிரிப்பில் புரையேறியது. என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார்.

"எங்கள் தெருவில் நாய்த்தொல்லை தாங்கவில்லை. சாக்கடையும் வழிகிறது. அடுத்த மாதம் என் வீட்டுக்குச் சாப்பிட வருவதாகச் சபையில் சொல்லுங்கள்."

"வருகிறேன். என்ன குழம்பு?"

"குழம்பெல்லாம் எதற்கு மகாராஜா? நீங்கள் வரவே வேண்டாம். வருவதாகச் சொன்னால் போதும்."