எலும்புத்தூளும் கடலைப் புளிப்பும்

கரிசல்கோட்டைன்னு ஒரு ஊர். அதை ஆண்டவர் வீரமல்ல ராசா. அரண்மனைக்குப் பின்னால பத்து ஏக்கர் சோளக்காடு. மந்திரி ஆவுடையப்பர் மூணு வருஷமா அதுல வண்டி வண்டியா எலும்புத்தூளைக் கொட்டினார். சோளமோ முழங்காலைத் தாண்டலை. இலையெல்லாம் கத்தரிப்பூ நிறம்.

சபையில ராசா முறைச்சார். மந்திரி நைசா கைகாட்டினது கொம்பையாவை. சபையில வாய்த்துடுக்குக்குப் பேர்போன ஆளு.

"ஊருக்கே யோசனை சொல்றவராச்சே!"ன்னார் மந்திரி. "இந்த வருஷம் காடு உங்க பொறுப்பு. வெளியிலேருந்து ஒரு பிடி உரம் போகக்கூடாது. சோளம் ஆள் உசரம் வரணும். இல்லேன்னா கழுதையில ஊர்வலம்."

"தோத்தது யாரோ, அவங்களுக்குத்தானே கழுதை?"ன்னான் கொம்பையா.

"ஆமா"ன்னார் ராசா.

மந்திரி நாலு மூலைக்கும் காவல் போட்டார். கொம்பையா ஐப்பசியில மண்ணைக் கிளறிப் பார்த்தான். எங்கே பார்த்தாலும் சுண்ணாம்புக்கல். சிரிச்சுக்கிட்டே சோளத்தை விதைச்சான், வரிக்கு நடுவுல கொண்டைக்கடலையையும் விதைச்சான்.

"வீட்டுக்காரனுக்கே சோறில்லை, விருந்தாளி வேறயா?"ன்னு மந்திரி வயிறு குலுங்கச் சிரிச்சார். கொம்பையா பாட்டுக்கு விதைச்சுக்கிட்டே போனான்.

மார்கழிக் காலையில ராசா வந்தார். சோளம் அவர் தலைப்பாகைக்கு மேல நின்னுச்சு.

"மோசடி! உரம் கடத்திட்டான்!" மந்திரி கத்தினார்.

"காவல் உங்க ஆளுங்கதானே சாமி?"ன்னான் கொம்பையா.



"பின்னே எப்படிடா?"ன்னார் ராசா.

"கடலை இலையில இருக்குற பனித்தண்ணியைத் தொட்டு நாக்குல வைங்க ராசா."

வச்சார். ஒரு கண்ணு தானா மூடிக்கிச்சு. "யப்பா! என்ன புளிப்பு!"

"வேரும் புளிப்பைக் கசியவிடும் ராசா. மந்திரி போட்ட சத்தை இந்தச் சுண்ணாம்பு மண்ணு கெட்டியாப் புடிச்சு வச்சிருந்துச்சு. புளிப்பு பட்டதும் கரைஞ்சுச்சு. கடலை தின்னது போக மிச்சத்தைச் சோளம் தின்னுச்சு. மந்திரி மூணு வருஷமாப் பருப்பு வேகவச்சாரு, உப்புப் போட்டாரு. புளி ஊத்த மறந்துட்டாரு, அவ்வளவுதான்."

ராசா வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். "யாரங்கே! கழுதையை மந்திரிக்கிட்ட ஓட்டிட்டு வா!"

மந்திரிக்கு முகம் வெளுத்துப்போச்சு.

"வேண்டாம் ராசா, பெரிய மனுசரு"ன்னான் கொம்பையா. "அவரு வீட்டுல இன்னும் பத்து மூட்டை எலும்புத்தூள் கிடக்காம். கழுதை அதைச் சுமந்து என் சொந்தக் காட்டுக்கு வரட்டும். கடலைப் புளிப்பு என்கிட்ட இருக்கு."