உம் கொட்டும் பனி

அந்தக் காலத்தில் பனி பேசும். கொஞ்சநஞ்சமல்ல. ஆரம்பித்தால் அவளுக்கு முடிக்கத் தெரியாது.

நம் ஊர் மார்கழியில் புல்நுனியில் உட்கார்ந்துவிட்டு, வெயில் வந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுமே, அந்தப் பனியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது வடக்கே, மரங்கள் வளர மறுக்கும் உயரத்துக்கும் மேலே, ஐப்பசியில் வந்து இறங்கி, அடுக்கடுக்காக ஏறி, சித்திரை வரை மலையை விட்டு நகராத பனி. விலங்குகள் அவளைப் பனியக்கா என்று கூப்பிட்டன. அவளுக்கு வாய் அடியில் இருந்தது. ஐப்பசியில் முதலில் விழுந்த அடுக்கில், தரையோடு தரையாக. அதற்குமேல் எத்தனை அடுக்கு ஏறினாலும் அத்தனையையும் தாண்டித்தான் குரல் மேலே வரவேண்டும். வந்தது. அவ்வளவு பெரிய தொண்டை.

குளிர்காலம் முழுக்க அந்த மலையில் ஒரே விளையாட்டு, சறுக்கல். நரிகள் வாலை மடித்து அதன்மேல் உட்கார்ந்து சறுக்கும். மலையாடுகளுக்கு உட்காருவது கௌரவக் குறைச்சல். நான்கு காலையும் விறைத்துக்கொண்டு நின்றபடியே சறுக்கி, பாதி வழியில் உருளும். முன்மலை என்று ஒரு சரிவு இருந்தது. எல்லோரும் மிதித்து மிதித்து அது சாணி மெழுகிய தரைபோல இறுகிக் கிடந்தது. அங்கே ஆபத்து இல்லை. அதனாலேயே அங்கே சறுக்க யாருக்கும் பிடிக்கவில்லை. முகட்டைத் தாண்டினால் பின்மலை. யார் காலும் படாமல், சலித்து வைத்த பச்சரிசி மாவுபோல. எல்லோருக்கும் கண் அங்கேதான்.

பின்மலைக்குப் போவதென்றால் பனியக்காவைக் கேட்டுவிட்டுப் போவது வழக்கம். காலையில் முகட்டில் கூடுவார்கள். "இன்னைக்குப் போகலாமா அக்கா?" என்று யாராவது கேட்பார்கள். அவள் ஆரம்பிப்பாள்.

"பின்மலையில எங்கே, அதைச் சொல்லுங்க முதல்ல. கிழக்குப் பக்கம்னா காலையில போகலாம், வெயில் ஏறிட்டா வேண்டாம், ஏறினா நான் நொதநொதன்னு ஆயிடுவேன், எனக்கே என்னைப் பிடிக்க முடியாது. வடக்குப் பக்கம்னா, முந்தாநாள் காற்று அள்ளிக்கிட்டு வந்து ஒரு மேடு போட்டிருக்கு பாருங்க, அது பார்க்கத்தான் கெட்டி, அதுமேல நிக்காதீங்க. அப்புறம் எல்லாரும் ஒண்ணா இறங்காதீங்க. ஒருத்தர் போய்ச் சேர்ந்த பிறகு அடுத்தவர். மிச்சப்பேர் ஓரமா நின்னு பார்த்துக்கிட்டே இருங்க. இன்னொண்ணு, கடைசியா நான் எப்ப விழுந்தேன்னு..."

இதற்குள் பாதிப்பேர் காதைச் சொறிவார்கள். மீதிப்பேர் சரிவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் பேச்சில் 'போகலாம்' என்ற சொல் எங்கே வருகிறதோ அங்கேயே கூட்டம் கலைந்துவிடும்.

வளைகொம்பு மாமா என்று ஒரு கிழட்டு மலையாடு. ஒருநாள் அவரும் அப்படித்தான் கிழக்குப் பக்கம் போனார், உச்சி வெயிலில். சரிவு கொஞ்சம் நழுவி அவரையும் இழுத்துக்கொண்டு போய்ப் பாறையில் சாத்தியது. வலக் கொம்பின் நுனி போய்விட்டது. நேராகப் பனியக்காவிடம் வந்தார்.

"போகலாம்னு நீதானே சொன்னே?"

"காலையில போகலாம்னு சொன்னேன்."

"அதெல்லாம் யாருக்குக் கேட்டது?"

"கேட்கிறதுக்கு நீங்க நிக்கவே இல்லையே மாமா."

"நீ சுருக்கமா சொல்லியிருந்தா நின்னிருப்பேன்."

பனியக்காவுக்கு வாயடைத்துப்போனது இதுதான் முதல் தடவை. அவள் பெருமூச்சு விட்டாள். முகட்டில் ஒரு நீளக் கோடு விழுந்து மூடிக்கொண்டது.

அந்த மௌனத்தைப் பயன்படுத்திக்கொண்டவன் செவலையன் என்ற நரி. கெட்டவன் என்று சொல்ல முடியாது. அவனுக்கு ஒரே தங்கை, பூவாலி. தாய் போன பிறகு எலியும் காடையும் பிடித்து வந்து ஊட்டி அவளை வளர்த்தவன் அவன்தான். அவனுக்கு வேறு யாரும் இல்லை. பூவாலியோ அந்த மலையிலேயே சறுக்கலில் பெரிய கெட்டிக்காரி. பின்மலை, பின்மலை என்று நாள் முழுக்க அவனை நச்சரிப்பாள். அவள் தனியாகப் போய் எதையாவது இழுத்து வைத்துக்கொள்வாளோ என்று பயந்து, காலையில் வரிசையில் நின்று கேட்டுவருகிற வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தான். நின்று நின்று அலுத்தும் போயிருந்தான்.

"அக்கா, உனக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம்," என்றான். "இனிமே நாங்க கேட்டா, போகலாம்னா 'உம்'னு சொல்லு. கூடாதுன்னா 'உஹூம்'. முடிஞ்சுபோச்சு."

"பார்த்துப் போன்னு சொல்லணும்னா என்ன சொல்றது?"

"அதுக்கு ஒண்ணும் வேண்டாம்."

"ஒவ்வொருத்தரா போங்கன்னு?"

"அதுக்கும் வேண்டாம்."

"இன்னைக்கு எனக்கே தெரியலைன்னு சொல்லணும்னா?"

"உனக்கே தெரியலைன்னா நாங்க எதுக்கு உன்னைக் கேட்கணும்? அக்கா, மறுபடியும் நீட்டறே பாரு."

விலங்குகள் சிரித்தன. மாமா உடைந்த கொம்பை ஆட்டி, "நல்ல யோசனை" என்றார். பனியக்காவுக்கோ சொல்ல எவ்வளவோ இருந்தது.

"சம்மதமா அக்கா?" என்றான் செவலையன்.

"உம்," என்றாள்.

ஏற்பாடு எல்லோருக்கும் பிடித்துப்போனது. கேட்பார்கள், 'உம்' வரும், போவார்கள். 'உஹூம்' வரும், முணுமுணுத்துக்கொண்டே முன்மலைக்குத் திரும்புவார்கள். இதைப் போய் இத்தனை வருஷம் ஏன் யாரும் யோசிக்கவில்லை என்று ஆளாளுக்கு வியந்தார்கள். பனியக்கா மட்டும் உள்ளுக்குள் புழுங்கினாள். அந்த வருஷம் ஐப்பசியில் விழுந்தபின் நெடுநாள் மழையும் இல்லை, பனியும் இல்லை. வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது, குளிர் கொன்றது. அந்தக் குளிரில் அவளுடைய அடி அடுக்கு நலிந்து, சீனிபோலப் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. ஒரு மணி இன்னொரு மணியின் கையைப் பிடிக்கவில்லை. 'என் கால் சரியில்லை, மேலே பாரம் ஏறினால் தாங்கமாட்டேன்' என்று அவள் சொல்லியாகவேண்டும். ஆனால் 'உம்'மிலும் 'உஹூம்'மிலும் அதை எங்கே வைத்துச் சொல்வது? கேட்டால் சொல்லலாம் என்று வீம்பாகக் காத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை.

மார்கழியில் மேல்காற்று கிளம்பியது. மலையின் அந்தப் பக்கத்துப் பனியையெல்லாம் வழித்துக்கொண்டுவந்து பின்மலையில் கொட்டி, தட்டித் தட்டி அழுத்தியது. ஒரு வழியாகக் காற்று ஓய்ந்து பார்த்தால் வானம் பளீரென்று நீலம். பின்மலை ஒரு சுருக்கம்கூட இல்லாமல் மினுங்கியது. கீழே சீனி. அதன்மேல் தோசைக்கல்போல ஒரே பலகையாக இறுகின பனி. மேலிருந்து பார்க்கிற யாருக்கும் சீனி தெரியாது.

அன்றைக்குச் செவலையன் ஓட்டமாக முகட்டுக்கு வந்தான்.

"அக்கா, போகலாமா?"

பனியக்கா தன் பலத்தையெல்லாம் திரட்டி, "உஹூம்" என்றாள்.

அந்தச் சொல்லின் நடுவில் இருக்கிறதே 'ஹூ', அது வெறும் மூச்சு. மூச்சு சீனிக்குள் நுழைந்தது, ஒவ்வொரு மணிக்கும் நடுவே கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து, காணாமல் போய்விட்டது. இரண்டு முனையும் மட்டும் மிஞ்சி, பலகையில் முட்டி, ஒன்றாக ஒட்டிக்கொண்டு மேலே வந்தன.

"உம்."

செவலையன் திரும்பிவிட்டான். அவன் துள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்டபோதுதான் தன் சொல் என்ன ஆனது என்று அவளுக்குப் புரிந்தது. கத்தினாள். ஏற்பாட்டையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, பழையபடி நீளமாக, மூச்சு விடாமல் கத்தினாள். பலகைக்கு மேலே ஒன்றும் வரவில்லை.

பூவாலி முகட்டின் விளிம்பில் வாலை உதறிக்கொண்டு நின்றிருந்தாள். பக்கத்தில் மாமா.

"என்ன சொன்னா அண்ணே?"

"உம்னா."

"வேற ஒண்ணும் சொல்லலையா? காற்று இவ்வளவு அடிச்சிருக்கு."

"வேற எதுக்கு? உம்னா உம்தான். உனக்குப் பயமா இருந்தா சொல்லு, மாமா முதல்ல போகட்டும்."

"நான் ஒரு கொம்பு கொடுத்தாச்சு," என்றார் மாமா. "சின்னப் பொண்ணு முன்னால போகட்டும். நான் அழகு பார்த்துக்கிட்டு வர்றேன்."

பூவாலி இருவரையும் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்கினாள். சறுக்க ஆரம்பிக்குமுன், சரிவின் நடுவுக்குக் குறுக்கே நடந்துபோக வேண்டியிருந்தது. கொஞ்சதூரம் போனதும் அவள் காலடியில் தரை ஒரு நூல் அளவு கீழே அமர்ந்தது. அமரும்போது அடியிலிருந்து ஒரு சத்தம்.

உம்.

இன்னும் நாலடி வைத்தாள். உம்.

"அண்ணே, இங்க கேளு," என்று திரும்பிச் சொன்னாள். "அடிக்கு அடி உம் கொட்டறா. நான் என்னமோ அவளுக்குக் கதை சொல்றமாதிரி."

"உன்மேல அவளுக்கு எப்பவுமே பிரியம்," என்றான் செவலையன்.

அடியில் பனியக்கா சொல்லிக்கொண்டிருந்தது இது: பூவாலி நில்லு, இன்னொரு அடி வைக்காதே, வந்த வழியிலேயே திரும்பு, முடியாவிட்டால் உன் இடப்பக்கம் பாறை இருக்கிறது, அதில் ஏறிக்கொள், சீக்கிரம். அவ்வளவும் சீனியில் வடிந்துபோய், மேலே வந்தது உம்.

அடுத்த உம் பெரிதாக இருந்தது. மலையே தொண்டையைக் கனைத்ததுபோல. பூவாலிக்கு மேலே, முகட்டை ஒட்டி ஒரு கோடு ஓடியது. ஆறின பர்பியில் கத்தி இழுத்தமாதிரி அவ்வளவு சுத்தமான கோடு. பின்மலை முழுவதும் ஒரே பலகையாக நகர்ந்தது, பிறகு ஓடுகளாக உடைந்தது, பிறகு புகையாக எழுந்தது. செவலையன் அவள் வாலின் நுனியை ஒருமுறை பார்த்தான். பிறகு பார்க்கவில்லை.

புகை அடங்கியபோது பள்ளத்தாக்கில் பெரிய பெரிய கட்டிகளாகப் பனி குவிந்து கிடந்தது. செவலையன் உருண்டும் விழுந்தும் கீழே போனான். இவ்வளவு நேரம் தண்ணீரைப்போல ஓடி வந்த பனி, நின்றவுடன் செங்கல்லாக இறுகியிருந்தது. நகத்தால் பறித்தான். மாமா வந்து சேர்ந்து குளம்பால் இடித்தார். எங்கே தோண்டுவது என்று தெரியாமல் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் தோண்டினார்கள்.

"அக்கா, எங்கே இருக்கா அவ?"

பனியக்காவின் உடம்பு முழுக்கக் கலைந்து கிடந்தது. அடியில் இருந்தது மேலே, மேலே இருந்தது நடுவே. வாய் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. ஆனாலும் பூவாலி எங்கே கிடக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். அவள் மடியில்தானே கிடக்கிறாள். சொன்னாள்.

"உம்."

"விடுடா, அவகிட்ட இனிமே என்ன கேள்வி," என்றார் மாமா. "இப்பவும் உம்மாம்."

செவலையன் தோண்டுவதை நிறுத்தினான். தலையைச் சாய்த்து, ஒரு காதைப் பனியின் பக்கம் கொடுத்தான்.

"முழுசா சொல்லு அக்கா," என்றான். "எவ்வளவு நீளமானாலும் பரவாயில்லை. நான் குறுக்கே பேசலை."

அவள் முழுசாகத்தான் சொன்னாள். கறுப்புப் பாறைக்குக் கீழே, சாய்ந்த கட்டி ஒன்று இருக்கிறது பார், அதன் நிழல் விழுகிற இடத்தில், ஆழம்கூட இல்லை, மூச்சு இன்னும் இருக்கிறது, மேலிருந்து தோண்டாதே, பக்கவாட்டில் வா, ஓடு. தன் வாழ்நாளில் இவ்வளவு தெளிவாக அவள் எதையும் சொன்னதில்லை. கேட்கிறவன் அசையாமல் நின்று கேட்டதும் இதுதான் முதல் தடவை.

மேலே வந்தது: உம்.

வெயில் சாயும்வரை அவன் கேட்டான். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். பனியக்காவும் ஒரு கட்டத்தில் அலுத்து ஓய்ந்தாள். கூடாது என்று சொல்லவேண்டியபோதும் இனி அவளுக்கு அந்த ஓர் ஒலிதான் என்று ஆகிவிட்டது. பல சமயம் அதைச் சொல்லவும் அவளுக்கு மனம் வருவதில்லை.

சறுக்குவதற்காகக் காலில் நீளப் பலகை கட்டிக்கொண்டு பின்மலைகளுக்குப் போகிற மனிதர்கள் இப்போது வந்துவிட்டார்கள். அவர்களும் காலையில் கேட்கிறார்கள், ஒரே வார்த்தையில் சொல் என்று. காற்று எங்கிருந்து அடித்தது, அடியில் என்ன கிடக்கிறது, வெயில் எப்போது ஏறும் என்று யாராவது சொல்ல ஆரம்பித்தால் அவர்களும் காதைச் சொறிகிறார்கள். காலடியில் உம் என்று கேட்டால் அது சம்மதம் இல்லை. ஒன்றுமே கேட்காவிட்டால் அதுவும் சம்மதம் இல்லை. இதை எத்தனை தடவை சொல்வது.

பூவாலி போன அன்று முதல்தான் பனிமலை நரி, வெள்ளை வெளியில் போய்க்கொண்டே இருக்கும்போது சட்டென்று நின்று, தலையைச் சாய்த்து, அடியில் ஏதோ நீளமான பேச்சு நடப்பதுபோலக் காதைக் கொடுத்துக் கேட்கிறது. ஒரு சொல் பிடிபட்டுவிட்டது என்று தோன்றிய கணத்தில் துள்ளி எழும்பி, தலைகுப்புறப் பனிக்குள் பாய்கிறது. வாயில் ஒரு எலியோடு வெளியே வந்து, பசிக்கு அதைத் தின்றுவிட்டு, கொஞ்சதூரம் போய் மறுபடியும் நிற்கிறது.